கணிப்பொறி வரைபடங்கள்: அடுக்கு நெறியும் அச்சு நெறியும்

ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் புதிதாக இரண்டு வகுப்பறைகள் கட்டப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைவுக்கூடத்தில் கணிப்பொறியின் துணைகொண்டு படம் ஒன்று தயாராகிறது. பழைய கட்டடம், புதிய சுவர்கள், கதவுகள், சன்னல்கள், மண்ணுக்கடியில் செல்லும் பழைய குடிநீர்க் குழாய் ஆகிய யாவும் அதில் இடம் பெறுகின்றன. திரையில் குழாய் சாம்பல் நிறக் கோடாகத் தெளிவாகவே தெரிகிறது. படம் பெரிய தாளில் அச்சாகிறது. பணியிடத்திற்கு எடுத்துச் செல்ல வசதியாகச் சிறிய தாளில் அதன் நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலுக்கு மற்றொரு நகல் எடுத்து மேஸ்திரியின் கையில் கொடுக்கப்படுகிறது. அந்த மூன்றாவது தாளில் குழாயைக் காணோம். அஸ்திவாரத்திற்கு மண் வெட்டுபவரின் கடப்பாரை குழாயின்மீது இறங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில நாட்கள் குடிநீர் இல்லை.

இங்குப் பிழை செய்தவர் யார்? வரைவாளர் குழாயை வரைந்திருந்தார். நகல் எடுத்தவர் தாளை ஒழுங்காகவே வைத்தார். மேஸ்திரி தம் கைக்கு வந்த படத்தின்படியே அடையாளம் இட்டார். தனித்தனியே நோக்கினால் ஒருவர் மீதும் குற்றம் சுமத்துவதற்கில்லை. குறை வேறோர் இடத்தில் உள்ளது. எந்தக் கோடு எந்தப் பெயரில், எந்தத் தடிமனில், எந்த அளவுத் தாளில் வெளிவர வேண்டும் என்பதை வரையத் தொடங்குமுன் எவரும் முடிவு செய்யவில்லை. அவ்வாறு முன்கூட்டி முடிவு செய்து, எழுதி வைத்து, அனைவரும் ஒருசேரப் பின்பற்றும் விதிகளுக்கே அடுக்கு நெறி என்றும் அச்சு நெறி என்றும் பெயர். அவ்விரண்டையும் வகுக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

வரைவு மேசையின் பழைய ஒழுங்கு

கணிப்பொறி வருமுன் வரைவாளர் மேசைமேல் டிரேசிங் தாளைப் பரப்பி, மையூற்றிய பேனாவால் வரைந்தார். பேனாக்கள் தடிமனுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருந்தன. 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1.0, 1.4, 2.0 மில்லிமீட்டர் என்பது அவற்றின் வரிசை. ஒவ்வொரு பேனாவின் மீதும் ஒரு நிற வளையம் இருக்கும். 0.25 பேனாவுக்கு வெள்ளை, 0.35 பேனாவுக்கு மஞ்சள், 0.5 பேனாவுக்குப் பழுப்பு, 0.7 பேனாவுக்கு நீலம் என நிறங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. வளையத்தைக் கண்டவுடனே தடிமன் விளங்கிவிடும். சுவருக்குத் தடித்த பேனா, அளவுக்கோட்டிற்கு மெல்லிய பேனா என்பது கைப்பழக்கமாகவே படிந்திருந்தது.

பல பகுதிகளைக் கொண்ட படங்களில் மற்றொரு முறையும் வழங்கியது. தரைத்தளத்தின் படத்தை அடியில் வைத்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் வேறொரு தாளைப் பொருத்தி, மின் கம்பிகளை அதில் மட்டும் வரைவர். குழாய்களுக்கு மற்றொரு தாள். மூலைகளில் அடையாளங்கள் இருக்குமாதலால் தாள்கள் பிசகாமல் பொருந்தும். தேவையானவற்றை மட்டும் சேர்த்து வைத்து அம்மோனியா பிரிண்ட் எடுத்தால், மின்பணியாளருக்கு மின்சாரப் படமும், குழாய்ப் பணியாளருக்குக் குழாய்ப் படமும் கிடைத்துவிடும். இன்று கணிப்பொறியில் நாம் காணும் அடுக்கு முறைக்கு மூலம் இந்தத் தாள்களே.

அடுக்கு என்பது யாது?

திரையில் கோடு வரையும் ஆற்றலைக் கணிப்பொறிக்கு அளித்த முன்னோடி முயற்சிகளுள் தலையாயது, 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' ஆகும். சிறிய கணிப்பொறிகளில் இயங்கத்தக்க 'ஆட்டோகேட்' 1982இல் வெளிவந்த பிறகு இம்முறை சாதாரண வரைவுக்கூடங்களுக்கும் எட்டியது. நம் நாட்டுப் பயிற்சி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் இம்மென்பொருள் பெருவழக்காக இருப்பதால், ஈண்டுத் தரும் எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே எடுத்துக்கொள்வோம். கருத்துகள் பிற மென்பொருள்களுக்கும் பொருந்துவனவே.

வரைவுக்கூடங்களில் 'லேயர்' என்று வழங்கும் அடுக்கை, கண்ணாடி போன்ற ஒரு தாளாகக் கருதலாம். ஓர் அடுக்கில் சுவர்கள், மற்றொன்றில் கதவுகள், வேறொன்றில் எழுத்துகள் எனப் பிரித்து வரையலாம். வேண்டும்போது ஓர் அடுக்கைக் காட்டலாம், மறைக்கலாம், கைபடாமல் பூட்டியும் வைக்கலாம். ஒவ்வோர் அடுக்கிற்கும் பெயர், நிறம், கோட்டின் வகை, கோட்டின் தடிமன், அச்சிட வேண்டுமா வேண்டாவா என்னும் குறிப்பு ஆகியவை உண்டு.

இங்கு முதல் விதி ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். கோட்டின் நிறம், வகை, தடிமன் ஆகிய மூன்றும் அடுக்கிலிருந்தே பெறப்பட வேண்டும். மென்பொருளில் இதற்கு 'பை லேயர்' என்று பெயர். ஒரு கோட்டிற்கு மட்டும் தனியே நிறம் கொடுத்துவிட்டால், பின்னர் அடுக்கின் நிறத்தை மாற்றும்போது அக்கோடு மாறாமல் நின்றுவிடும். நூறு கோடுகளில் இவ்வாறு நேர்ந்தால், படத்தைத் திருத்த வருபவர் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெயரிடும் முறை

அடுக்கிற்குப் பெயர் வைப்பது அற்பச் செயலாகத் தோன்றலாம். ஆனால் 'புதிது 1', 'ராமு கோடு', 'கடைசி', 'கடைசி 2' என்று பெயர் பெற்ற அடுக்குகளைக் கொண்ட படத்தை ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் துன்பம் தெரியும். வரைந்தவரே அதனைப் புரிந்துகொள்ள இயலாது. வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டவரைக் கேட்கவும் இயலாது.

இத்துன்பத்தைப் போக்கப் பல நாடுகளில் முறைகள் வகுக்கப்பட்டன. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 1990இல் அடுக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன்படி பெயரின் முதலெழுத்து துறையைக் குறிக்கும். கட்டடக் கலைக்கு 'ஏ', கட்டமைப்புக்கு 'எஸ்', நீர்க்குழாய்ப் பணிக்கு 'பி', மின்சாரத்திற்கு 'ஈ' என்பன அவ்வெழுத்துகள். அடுத்து நான்கெழுத்துச் சுருக்கமாகச் சுவர், கதவு முதலிய பொருளின் பெயர் வரும். இறுதியில், வேண்டுமாயின், பொருளின் நிலை வரும். புதியதா, ஏற்கெனவே உள்ளதா, இடிக்கப்பட வேண்டியதா என்பதை அது தெரிவிக்கும்.

பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1998இல் 13567 என்னும் எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. அதில் கட்டாயப் பகுதிகள் மூன்று. முதல் இரண்டு இடங்கள் பொறுப்பாளரைக் குறிக்கும். அடுத்த ஆறு இடங்கள் கட்டடத்தின் உறுப்பைக் குறிக்கும். அதற்கடுத்த இரண்டு இடங்கள், வரையப்பட்டது உருவமா, எழுத்தா, அளவா என்பதைக் குறிக்கும். ஆகப் பத்து இடங்களில் யார், எது, எவ்வகை என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அடங்கிவிடுகிறது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வாதம் நமக்கு வேண்டுவதில்லை. நன்றாகப் புரியும் ஒரு முறையைத் தேர்ந்து, அதனினின்றும் வழுவாதிருப்பதே முக்கியம். சிற்றலுவலகத்திற்குத் துறை, பொருள், நிலை ஆகிய மூன்று பகுதிப் பெயரே போதும். நிலையைக் குறிக்கும் பகுதியை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடலாகாது. பழைய சுவரும் புதிய சுவரும் ஒரே அடுக்கில் கிடந்தால் எதைக் கட்டுவது, எதைக் காப்பது என்பது தாளில் விளங்காது.

நிறமும் பேனாவும்

கணிப்பொறிப் படத்தைத் தாளில் வரையும் பொறிக்குப் பிளாட்டர் என்று பெயர். தொடக்கக் காலப் பிளாட்டர்களில் ஆறு அல்லது எட்டு பேனாக்கள் செருகப்பட்டிருந்தன. பொறியின் கை ஒரு பேனாவை எடுத்து, வரைந்து, திரும்ப வைத்து, அடுத்ததை எடுக்கும். எந்தக் கோட்டிற்கு எந்தப் பேனா என்பதைப் பொறிக்கு எவ்வாறு உணர்த்துவது? திரையின் நிறத்தையே அதற்குக் குறியீடாக்கினர். 1ஆம் எண் நிறமான சிவப்புக்கு ஒரு பேனா, 2ஆம் எண் மஞ்சளுக்கு மற்றொன்று, 3ஆம் எண் பச்சைக்கு வேறொன்று என்று அட்டவணை அமைத்தனர். திரையில் சிவப்பாக இருந்த கோடு தாளில் மெல்லிய கறுப்புக் கோடாக வரும். ஆகவே திரையின் நிறம் கண்ணுக்கு இனிமை செய்வதற்காக ஏற்பட்டதன்று. அது தடிமனைச் சொல்லும் குறியீடாகும். பழைய பேனாவின் நிற வளையம் செய்த வேலையையே அது செய்தது.

பேனாப் பிளாட்டர்கள் மறைந்து, மைத்தெறிப்புப் பொறிகள் வந்த பின்னரும் இப்பழக்கம் நிலைத்துவிட்டது. 1999இல் வெளிவந்த 'ஆட்டோகேட் 2000' தடிமனை நேரே அடுக்கிற்கே கொடுக்கும் வசதியை அளித்தது. அச்சு விவரங்களைத் தனிக் கோப்பாகச் சேமிக்கும் முறையும் அதில் வந்தது. அக்கோப்பு இருவகைப்படும். நிறத்தைக் கொண்டு தடிமனை முடிவு செய்வது ஒன்று. அதனை வரைவாளர்கள் சி.டி.பி. என்பர். பெயரைக் கொண்டு முடிவு செய்வது மற்றொன்று, அது எஸ்.டி.பி. எனப்படும். எதனைக் கையாண்டாலும் அலுவலகம் முழுவதற்கும் ஒரே கோப்புதான் இருத்தல் வேண்டும். ஆளுக்கொரு கோப்பு வைத்திருந்தால், ஒரே படம் மூன்று மேசைகளில் மூன்று விதமாக அச்சாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான படங்கள் இறுதியில் கறுப்பு வெள்ளை நகலாகவே பணியிடத்தை அடைகின்றன. ஆதலின் நிறத்தால் மட்டும் பொருள் வேறுபாட்டைக் காட்டலாகாது. சிவப்புக் கோடு மின்கம்பி, நீலக் கோடு நீர்க்குழாய் என்று திரையில் வகுத்திருந்தாலும், கோட்டின் வகையாலும் அதன்மேல் எழுதிய சொல்லாலும் அவ்வேறுபாடு தாளிலும் விளங்க வேண்டும்.

தாளின் அளவும் கோட்டின் தடிமனும்

நாம் பயன்படுத்தும் ஏ வரிசைத் தாள்களுள் ஏ0 என்பது 841க்கு 1189 மில்லிமீட்டர்; அதன் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதனை நடுவே மடித்தால் ஏ1. மீண்டும் மடித்தால் ஏ2. எத்தனை முறை மடித்தாலும் நீள அகலங்களின் விகிதம் மாறுவதில்லை. ஒரு தாளிலிருந்து அடுத்த சிறிய தாளுக்குச் செல்கையில் ஒவ்வொரு நீளமும் ஏறத்தாழ 0.7 மடங்காகக் குறையும். இரண்டு படி இறங்கினால் சரிபாதியாகும்.

இப்போது பேனாக்களின் வரிசையை மீண்டும் நோக்குக. 0.5, 0.35, 0.25, 0.18 என்பவற்றுள் ஒவ்வொன்றும் முன்னதன் 0.7 மடங்கே. ஏ1 தாளில் 0.5 ஆக இருந்த கோடு ஏ2 தாளுக்குக் குறைக்கப்படும்போது 0.35 ஆகிறது. எழுத்தின் உயரங்களாகிய 2.5, 3.5, 5, 7, 10 மில்லிமீட்டர்களும் இதே விகிதத்தில் அமைந்தவையே. தாள், கோடு, எழுத்து ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் ஏறி இறங்குவது, தரம் வகுத்தவர்களின் முன்யோசனைக்குச் சான்றாகும்.

நம் பள்ளிப் படத்தின் குழாய் எங்கே மறைந்தது என்பதை இக்கணக்கினாலேயே அறியலாம். வரைவாளர் குழாயை 0.18 தடிமனில், மங்கிய சாம்பல் சாயலில் ஏ1 தாளில் அச்சிட்டார் எனக் கொள்வோம். ஏ3 தாளுக்குக் குறைத்தபோது அது 0.09 மில்லிமீட்டராயிற்று. சாம்பல் சாயல் நுண்புள்ளிகளாகவே அச்சாவதால், நகலின் நகலில் அப்புள்ளிகளும் உதிர்ந்தன. கோடு போயிற்று.

ஆகவே அச்சு நெறியின் முதல் வினா, இப்படம் எந்த மிகச் சிறிய தாளில் படிக்கப்படும் என்பதேயாகும். ஏ1 தாளில் அச்சிட்டு ஏ3 தாளாகக் குறைக்கும் வழக்கம் இருப்பின், பொருளுள்ள எக்கோடும் ஏ1 தாளில் 0.25க்குக் குறையலாகாது; குறைத்த பின் அது 0.13 அளவில் நிற்கும். மெல்லியது 0.25, தடித்தது 0.5, மிகத் தடித்தது 1.0 எனக் கொண்டால் ஒன்றுக்கொன்று இருமடங்காகி, கண்ணுக்கு வேறுபாடு தெளிவாகத் தெரியும். எழுத்துகளும் அவ்வாறே. 2.5 மில்லிமீட்டர் எழுத்து பாதியானால் 1.25 ஆகிவிடும், வெயிலில் நின்று அதனைப் படிக்க இயலாது. முக்கியக் குறிப்புகளை 5 மில்லிமீட்டரில் எழுதினால் குறைத்த பின்னும் 2.5 இருக்கும்.

இரண்டாவது விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரு கோட்டின் தடிமனை, அப்பொருள் பழையதா புதியதா என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. அக்கோடு கண்ணில் படாது போனால் என்ன நேரும் என்று கேட்டு முடிவு செய்தல் வேண்டும். செங்கல் நிரப்பலைக் காட்டும் சாய்கோடுகள் மறைந்தால் நட்டமில்லை. மண்ணுக்கடியில் உள்ள குழாயோ மின்கம்பியோ மறைந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். எந்தக் கோடு மறைந்தால் ஆபத்தோ, அந்தக் கோடு மெலியலாகாது.

பள்ளிப் படத்திற்கு ஓர் அடுக்குப் பட்டியல்

மேற்கூறிய விதிகளைக் கொண்டு நம் பள்ளிக் கட்டடத்திற்கு ஒரு பட்டியல் அமைப்போம். அடுக்குப் பெயர்களை ரோமன் எழுத்துச் சுருக்கங்களாகப் பதிவதே பெருவழக்கு. இங்கு விளக்கத்திற்காகத் தமிழில் தருகிறோம். தடிமன் ஏ1 தாளுக்கு உரியது.

1. நிலம் – எல்லை: செவ்வூதா, 1.0, புள்ளியிட்ட நீள்கோடு.
2. கட்டடம் – சுவர் – புதியது: மஞ்சள், 0.5, தொடர்கோடு.
3. கட்டடம் – சுவர் – பழையது: சிவப்பு, 0.25, தொடர்கோடு.
4. கட்டடம் – சுவர் – இடிப்பது: பச்சை, 0.35, துண்டுக்கோடு.
5. கட்டடம் – கதவு, சன்னல் – புதியது: பச்சை, 0.35, தொடர்கோடு.
6. குழாய் – குடிநீர் – பழையது: மஞ்சள், 0.5, துண்டுக்கோடு, இடையிடையே 'குடிநீர்' என்னும் எழுத்து.
7. மின்சாரம் – நிலத்தடிக் கம்பி – பழையது: மஞ்சள், 0.5, வேறு வகைத் துண்டுக்கோடு, எழுத்துடன்.
8. மைய அச்சு: சிவப்பு, 0.25, புள்ளியிட்ட கோடு.
9. அளவுகள்: சிவப்பு, 0.25, தொடர்கோடு.
10. எழுத்துகள்: பச்சை, 0.35. 3.5 மில்லிமீட்டர் எழுத்துக்கு 0.35 பேனா என்பது, உயரத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்னும் விதியின்படி அமைந்தது. 5 மில்லிமீட்டர் எழுத்துகள் மஞ்சளில், 0.5.
11. நிரப்பல்: சாம்பல், 0.18. மறைந்தாலும் குற்றமில்லாத ஒரே அடுக்கு இது.
12. துணைக்கோடுகள்: அச்சிடப்படாதது.
13. தாள் – சட்டமும் தலைப்புக் கட்டமும்: செவ்வூதா, 1.0, உள் எழுத்துகள் பச்சை.

பதின்மூன்று அடுக்குகளும் ஐந்து நிறங்களும் இதற்குப் போதுமானவை. மென்பொருள் 255 நிறங்களை எண்ணிட்டு வழங்குகிறது என்பதற்காக அவை யாவற்றையும் உபயோகிக்க வேண்டுவதில்லை. மிகுதியான அடுக்குகளும் நெறியைக் கெடுக்கும். ஒரு பொருளைத் தனியே காட்டவோ, மறைக்கவோ, வேறு தடிமனில் அச்சிடவோ தேவை இல்லையெனில் அதற்குத் தனி அடுக்கு வேண்டா.

இப்பட்டியலை அடுக்குகளோடும் எழுத்து வகைகளோடும் தாள் சட்டத்தோடும் சேர்த்து ஒரு வெற்றுப் படமாகச் சேமித்து வைத்தல் வேண்டும். 'டெம்ப்ளேட்' என்று வழங்கும் அவ்வார்ப்புப் படத்திலிருந்தே ஒவ்வொரு புதிய படமும் தொடங்க வேண்டும். நெறியை நினைவில் வைத்துக்கொள்ளும் பாரத்தை மனிதரிடமிருந்து எடுத்து வார்ப்பிடம் ஒப்படைப்பதே இதன் பயன்.

திரையில் இருப்பது தாளில் இல்லாதபோது

நெறி வகுத்த அலுவலகங்களிலும் சில பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. அவற்றை அறிந்திருப்பது நலம்.

முதலாவது, 'டெப்பாயிண்ட்ஸ்' என்னும் அடுக்கு. படத்தில் முதன்முறையாக அளவு குறிக்கும்போது மென்பொருள் இதனைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இவ்வடுக்கில் உள்ளவை திரையில் தெரியும், தாளில் அச்சாகமாட்டா. இதனை அறியாதவர் இவ்வடுக்கில் ஒரு சுவரையே வரைந்துவிட்டு, அது ஏன் அச்சாகவில்லை என்று பொறியைப் பழிப்பதுண்டு. அச்சிட வேண்டாத கோடுகளுக்கும் நம் பட்டியலில் உள்ளவாறு தெளிவான பெயருடன் தனி அடுக்கு வைப்பதே முறை.

இரண்டாவது, துண்டுக்கோடுகளின் அளவு. துண்டுகளின் நீளத்தைத் தாளின் அளவுத்திட்டத்திற்கேற்ப அமைக்காவிடில், துண்டுக்கோடு தொடர்கோடு போலவே அச்சாகும். இடிக்க வேண்டிய சுவரையும் காக்க வேண்டிய சுவரையும் வேறுபடுத்துவது இத்துண்டுகளே என்பதை எண்ணினால் பிழையின் கனம் விளங்கும்.

மூன்றாவது, வெளியே அனுப்பும் படம். படக் கோப்பை மட்டும் அனுப்பி, தடிமன் அட்டவணைக் கோப்பை அனுப்பாவிடில், பெறுபவரின் பொறி தன் விருப்பப்படி தடிமன் கொடுத்துவிடும். ஆதலின் அட்டவணைக் கோப்பையும் எழுத்துருக்களையும் சேர்த்தே அனுப்புதல் வேண்டும். அச்சுக்குரிய இறுதி வடிவத்தைப் பி.டி.எப். ஆகவும் உடன் வைப்பது பாதுகாப்பு. ஊர்ப் பெயர்களையும் குறிப்புகளையும் இந்திய மொழிகளில் எழுதும்போது யூனிகோடு எழுத்துருக்களையே கையாள வேண்டும். இன்றேல் அடுத்த அலுவலகத்தில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

நெறி பிறழ்ந்தால் நேரும் இழப்பு

இவை யாவும் சிற்றலுவலகங்களின் கவலைகள் என்று எண்ணுதல் தவறு. ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனம் ஏ380 என்னும் மாபெரும் விமானத்தைக் கட்டிய காலத்தில், ஒரே வரைவு மென்பொருளின் இருவேறு பதிப்புகள் இருவேறு நாடுகளில் கையாளப்பட்டன. ஜெர்மனியில் பழைய பதிப்பு. பிரான்சில் புதிய பதிப்பு. ஒரு விமானத்திற்கு ஏறத்தாழ 530 கிலோமீட்டர் மின்கம்பி வேண்டும். ஜெர்மனியில் வடிவமைத்த கம்பிக் கட்டுகள் பிரான்சின் தூலூஸ் நகரில் பொருத்தப்பட்டபோது சரிவரப் பொருந்தவில்லை. 2006ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. முதல் விமானம் சிங்கப்பூர் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது 2007 அக்டோபரிலேதான். திறமையோ பொருட்செல்வமோ அங்குக் குறைவன்று. வரைந்தவர்கள் யாவரும் ஒரே விதியின்கீழ் வரையவில்லை என்பதே குறை.

நம் நாட்டில் மற்றொரு வகையில் இதன் தேவை உணரப்பட்டுள்ளது. புனே உள்ளிட்ட பல மாநகராட்சிகளில் கட்டட அனுமதிக்கான படங்களைக் கணிப்பொறியே ஆராயும் முறை வந்துள்ளது. மனையின் எல்லை, கட்டடத்தின் பரப்பு, சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றை இயந்திரம் அடுக்கின் பெயரைக் கொண்டே இனங்காண்கிறது. சுவரை எல்லைக்குரிய அடுக்கில் வரைந்தால், இது தவறி நேர்ந்தது என்று ஊகித்துக்கொள்ளும் ஆற்றல் இயந்திரத்திற்கு இல்லை. மனிதர் பொறுத்துக்கொண்ட ஒழுங்கின்மையை இயந்திரம் பொறுப்பதில்லை.

பணியிட அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

வரைவுக்கூடம் எத்துணை ஒழுங்காக இருப்பினும், தாளைக் கையில் பெறுபவரும் சிலவற்றைச் சரிபார்த்தல் வேண்டும்.

தாளில் '1:100' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி அளவுகோலை வைத்து அளக்கலாகாது. ஏ1 படம் ஏ3 தாளில் குறைக்கப்பட்டிருந்தால் உண்மையில் அது 1:200 ஆகும். தாளில் 30 மில்லிமீட்டர் உள்ள சுவர் 3 மீட்டர் என்று தோன்றும். மெய்யாக அது 6 மீட்டர். இதற்கு மாற்று, படத்திலேயே வரைந்த அளவுப் பட்டை. தாள் சுருங்கினால் பட்டையும் உடன் சுருங்குமாதலால் அது பொய் சொல்லாது. அளவுப் பட்டை இல்லாத படத்தைப் பெற்றால், ஒன்று கேட்டு வாங்குக. எழுதப்பட்ட அளவு இருக்கும்போது அளந்து பார்த்த அளவை நம்பற்க.

அடுத்து, வலப்புறக் கீழ்மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தைப் படிக்க. படத்தின் எண், திருத்த எண், தேதி, மூலத் தாளின் அளவு ஆகியவை அங்கு இருத்தல் வேண்டும். பின்னர், கோடுகளின் விளக்கப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வகைக் கோடும் படத்தில் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க. பட்டியலில் நிலத்தடிக் குழாய் இருந்து, படத்தில் அது தென்படாவிடில், மண் வெட்டுமுன் வரைவுக்கூடத்திற்கு ஒரு கேள்வி அனுப்பிவிடுக. அக்கேள்விக்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே.

ஆசிரியர்களுக்கு

1950இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் வரைவாளர் தொழில் கற்பிக்கப்பட்டு வருகிறது. மாணவர் இன்று பலகையிலும் திரையிலும் பயில்கின்றனர். கட்டளைகளைக் கற்பிப்பதோடு நில்லாமல், நெறியையும் முதல் வாரத்திலிருந்தே கற்பித்தல் நலம். இந்தியத் தர அமைவனம் வெளியிட்டுள்ள எஸ்.பி. 46 என்னும் கையேடு பள்ளி, கல்லூரிகளுக்கான பொறியியல் வரைவு முறைகளைத் தொகுத்துத் தருகிறது. தாள் அளவுகளுக்கு ஐ.எஸ். 10711, எழுத்துகளுக்கு ஐ.எஸ். 9609, கோடுகளுக்கு ஐ.எஸ். 10714, கட்டடப் படங்களுக்கு ஐ.எஸ். 962 ஆகிய தரங்கள் உள்ளன. இவை கணிப்பொறிக்கும் பொருந்தும். கருவி மாறினாலும் கோட்டின் பொருள் மாறுவதில்லை.

வகுப்பில் எளிய சோதனை ஒன்றை நடத்தலாம். நான்கு மாணவர் சேர்ந்து தம் பள்ளியறையை வரையட்டும். ஒருவர் சுவர்களையும், ஒருவர் கதவு சன்னல்களையும், ஒருவர் மின் இணைப்புகளையும், ஒருவர் அளவு எழுத்துகளையும் ஏற்கட்டும். முதல் முறை விதி எதுவும் கொடாமல் விட்டுவிடுக. நான்கையும் ஒன்றாக்கி அச்சிடும்போது விளையும் குழப்பத்தை அவர்களே காண்பர். இரண்டாம் முறை, நால்வரும் கூடி ஒரு பக்கத்தில் அடுக்குப் பட்டியலை எழுதிக்கொண்ட பின் வரையட்டும். பின்னர் இரு படங்களையும் ஏ3 தாளுக்குக் குறைத்து, நகலுக்கு நகல் எடுத்து, இப்பாடத்தில் பங்கு கொள்ளாத வேறொரு மாணவரிடம் கொடுத்து, மின் இணைப்புகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுக. நெறியின் பயனை அச்சோதனை தெளிவாக உணர்த்திவிடும்.

நம் பள்ளிக் கட்டடத்தின் படத்திற்கு மீண்டும் வருவோம். புதிய பட்டியலின்படி வரைந்தால், பழைய குடிநீர்க் குழாய் ஏ1 தாளில் 0.5 தடிமனுள்ள துண்டுக்கோடாக, 'குடிநீர்' என்னும் எழுத்தைத் தாங்கி நிற்கும். ஏ3 தாளில் அது 0.25 ஆகும். நகலின் நகலிலும் அது மறையாது. மேஸ்திரி அதனைக் கண்டு அஸ்திவாரக் குழியை ஒரு முழம் தள்ளி அடையாளம் இடலாம். அல்லது குழாயை மாற்றியமைக்கும்வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். வரைந்தவரை அவர் ஒருபோதும் நேரிற் காணப்போவதில்லை. அவ்விருவருக்கும் இடையே இருப்பது அத்தாள் ஒன்றுதான்.